மணல் கேட்ட ஆறு

ஆறு மைக்கில் பேசப்போகிறது என்று தெருவே திரண்டு போன அந்தக் கூட்டத்துக்கு நான் சண்டை போடத்தான் போனேன். மணல்மேட்டுத் தெருவில் வம்பு வழக்கு என்று வந்தால் ‘நாகஜோதியக் கூப்பிடு’ என்பார்கள். அறுபதைத் தாண்டியும் கடவுள் புண்ணியத்தில் என் தொண்டை அப்படியே இருக்கிறது.

விஷயம் இதுதான். மதுரைக்குள் வைகைக்கு இரண்டு பக்கமும் சுவர் எழுப்பி வெகுகாலம் ஆகிவிட்டது. எழுப்பியவர்கள் அதோடு நிற்காமல் அடியிலும் சிமெண்ட் தளம் போட்டுவிட்டார்கள். மழைக்காலத்தில் தண்ணீர் வரும், தலைதெறிக்க ஓடும், போய்விடும். கோடையில் அனல் அடிக்கும். இறங்கி நிற்க வழியில்லை, எங்கு பார்த்தாலும் கம்பி வேலி. இப்போது சுவர் அங்கங்கே வாய்பிளந்துவிட்டதால் ஆற்றையே புதிதாக அமைக்கப் போகிறோம் என்று இரண்டு திட்டம் கொண்டுவந்தார்கள். ஒன்று, சுவரை இன்னும் உயர்த்தி, குறுக்கே கதவு போட்டுத் தண்ணீரைத் தேக்கி, வருஷம் பூராவும் படகு விடுவது. இன்னொன்று, சுவரை இடித்து, தளத்தைப் பெயர்த்து, ஆற்றை அகலமாகப் பரவவிட்டு, பழையபடி மணல் சேரவிடுவது. இந்த இரண்டாவதில் எங்கள் தெரு மொத்தமும் ஆற்றுக்குள் போய்விடும். சும்மா விடுவேனா?

முடிவு கரையோரத்து ஜனங்களுடையது, கைதூக்கி ஓட்டுப் போட வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் ஆற்றையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று புதுச் சட்டம் வந்திருந்தது. ஆற்றுக்கு வாய் ஏது? அதற்காக ஒரு இயந்திரம் செய்திருந்தார்கள். பெயர் நதிக்குரல். கூட்டம் செல்லூரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. மேடையில் ஒரு மேஜை, அதன்மேல் பிஸ்கட் டின் அளவில் ஒரு பெட்டி. பக்கத்தில் அதைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி, மகிழினி என்று ஒரு சின்னப் பெண்.

பெட்டி வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன். “எங்க வீடுகள எடுக்குறதுன்னு நீங்க முடிவு பண்ணிட்டு, பழிய ஆத்து மேல போடுறீங்களா? நல்லா இருக்கே கத!”

பெட்டி பேசியது. ஆணும் இல்லாத பெண்ணும் இல்லாத ஒரு குரல்.

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நான் என்ன சொல்ல வர்றேன்னா, மழக்காலத்துல எனக்குக் கொஞ்சம் கால நீட்டணும். சுவத்துக்குள்ள குத்தவச்சே உக்காந்திருந்தா இடுப்பு புடிச்சுக்கிருது.”

ஹாலே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று அப்போது பிடிபடவில்லை.

டீக்கடை பால்பாண்டி எழுந்து கேட்டான். “படகு விட்டா நல்லாத்தான இருக்கும்? வருசம் பூரா தண்ணி நிக்குமே.”

“நிக்கிற தண்ணிக்குப் பேரு ஆறு இல்ல தம்பி, தொட்டி. நான் பாதி வருசம் மணலாவே கெடந்த ஆளு. மேல காஞ்சு கெடப்பேன், அடியில ஓடிக்கிட்டே இருப்பேன். உங்க வீட்டுக் கிணத்துக்கெல்லாம் அப்பிடித்தான தண்ணி குடுத்தேன்? சிமெண்டப் போட்டு மூடுனாய்ங்க, கிணறு பூரா வத்திருச்சு. அப்பல்லாம் எங்கிட்ட என்னென்ன இருந்துச்சு! நாணல் என்ன, கொக்கு என்ன... யானைக்கல்லுகிட்ட ஒரு தடவ மொதலையே வந்துச்சே!”

நான் முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

யானைக்கல் பக்கம் முதலையாவது, மண்ணாவது. அந்த முதலையை உலகத்திலேயே ஒரே ஒருவர்தான் பார்த்திருக்கிறார். என் வீட்டுக்காரர், சோணைமுத்து. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அது ஒரு முழம் வளரும். அவர் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிவிட்டது. நான் சண்டை போட வந்ததை மறந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ருக்குமணி அக்கா, எங்கள் பக்கத்து வீடு, என் கையைப் பிடித்து “தண்ணி குடிக்கிறியா?” என்று கேட்டது ஞாபகம் இருக்கிறது.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆட்டோ ஓட்டினார் என்று சொல்வார்கள், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆட்டோவைப் பால்பாண்டி கடை வாசலில் நிறுத்திவிட்டுப் பேசினார், அவ்வளவுதான். சவாரி வந்து நின்றால்கூட “ஒரு நிமிசம் இருங்க, இத முடிச்சுட்டு வந்துர்றேன்” என்கிற மனுஷன்.

அவரை நான் முதலில் பார்த்ததே ஆற்றுக்குள்தான். கரையில் இல்லை, உள்ளே. அப்போது சுவர் கிடையாது. செல்லூரிலிருந்து கீழமாசி வீதியில் ஒரு ரெடிமேட் கடைக்கு நான் வேலைக்குப் போவேன். பாலத்தைச் சுற்றிக்கொண்டு யார் போவது? செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் இறங்கி நேரே நடந்துவிடுவேன். காலையில் மணல் குளுகுளுவென்று இருக்கும். ஒரு பக்கம் வெளுத்த வேட்டிகள் காயும், ஒரு பக்கம் மாடுகள் படுத்திருக்கும், எங்கு பார்த்தாலும் கிரிக்கெட். சாக்கடையும் ஓர் ஓரமாக ஓடும், அதை ஏன் மறைக்க வேண்டும்? அதைத் தாண்டிக் குதித்தால் ஊர்.

விளையாடுகிற பையன்கள் தாகத்துக்கு மணலைத் தோண்டி ஊற்று எடுத்து வைத்திருப்பார்கள். கொஞ்சம் தோண்டினாலே கண்ணாடி மாதிரி தண்ணீர் சுரக்கும். ஒருநாள் பார்க்காமல் அதில் காலை விட்டுக் குப்புற விழுந்தேன். தூக்குச்சட்டி உருண்டு புளியோதரை பூராவும் மணல். எழுந்து நின்று பதினோரு பேரையும் வரிசையாக நிறுத்தி வைத்துத் திட்டினேன். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள், ஒருவரைத் தவிர. “தப்பா எடுத்துக்காதீங்க. நான் என்ன சொல்ல வர்றேன்னா, ஊத்து அங்கேயேதான் இருந்துச்சு. நீங்கதான் வந்து விழுந்தீங்க” என்றார். அன்றைக்கு ஆரம்பித்த சண்டை, அவர் கண்ணை மூடுகிறவரைக்கும் முடியவில்லை. எப்பேர்ப்பட்ட நாட்கள்!

மணல்மேட்டுத் தெருவில் வீடு வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றதும் நான்தான். ஜன்னலைத் திறந்தால் ஆறு தெரியவேண்டும் எனக்கு. அவர் வேண்டாம் என்றார். “இது ஆத்து எடம் ஜோதி. அது கேட்டா குடுக்கணும்” என்றார். “ஆமா, வந்து கதவத் தட்டும், போய்யா” என்றேன். வெள்ளம் ஒரு தடவை ஜன்னல் வரைக்கும் வந்தபோது கட்டில் மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, “கதவத் தட்டுது, போய்த் தொற” என்றார். அந்த வெள்ளத்துக்கப்புறம்தான் சுவர் வந்தது. மணல் போனதும் அதோடுதான்.

மறுநாள் காலையில் மகிழினியின் அலுவலகத்துக்குப் போய் நின்றேன்.

“ஏம்மா, எம் புருசன் வாய எங்கிருந்து எடுத்தீங்க?”

அந்தப் பெண் முதலில் விழித்தாள். நான் முதலையைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, மெதுவாகச் சொன்னாள்.

“ஆத்துக்கு அடியில கருவி பதிச்சிருக்கோம்மா. தண்ணி எவ்வளவு வருது, எங்க முட்டுது, எங்க ஊறமாட்டேங்குதுன்னு அது சொல்லிக்கிட்டே இருக்கும். ஆனா அது வெறும் எண்ணு. ஜனங்களுக்குப் புரியாது. அதனால கரையில இருக்குறவங்க பேசுற பேச்ச இயந்திரத்துக்குக் கத்துக்குடுத்தோம். அந்தப் பேச்சுலயே ஆறு தனக்கு என்ன வேணும்னு சொல்லும்.”

“அந்தப் பேச்ச எங்க புடிச்சீங்க?”

“டீக்கடையில. சில வருசத்துக்கு முன்னாடி உத்தரவு வாங்கித்தான் மைக் வச்சோம். நாலு பேரு வந்து போற இடம், எல்லாரு பேச்சும் கெடைக்கும்னு...”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மைக் வைத்த அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்து, “எம் பேச்சக் கேக்கவும் ஆள் வந்துட்டாய்ங்க பாரு” என்று மீசையைத் தடவிக்கொண்டது எனக்குத்தானே தெரியும்! அந்தப் பெண்ணிடம் சொன்னேன்: “படிச்ச பிள்ளைக்கு இது தெரியலயே. எந்த டீக்கடையிலயும் ஒரு ஆளுதான் பேசுவான். மத்தவிங்க தலையாட்டுவாய்ங்க.”

அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

“சரி, அந்த மொதல?” என்றேன்.

“அதுதான்மா பயமா இருக்கு. கருவி சொன்னது எது, அவரு சொன்னது எதுன்னு எங்களுக்கே இப்பப் பிரிக்கத் தெரியல.”

அப்புறம் அவளே ஒன்றையும் சொன்னாள். ஒரே ஆளின் பேச்சு மிதமிஞ்சிக் கலந்திருக்கிறது என்று கரைவாசி யாராவது கூட்டத்தில் ஆட்சேபம் சொன்னால், அந்தக் குரல் செல்லாது. அழித்துவிட்டுப் புதிதாகச் செய்யவேண்டும். அதுவரைக்கும் பெட்டி பேசியதெல்லாம் கணக்கில் வராது, கருவி காட்டிய எண்களை வைத்துத்தான் ஓட்டு. “நீங்க எந்திரிச்சுச் சொன்னா நான் மறுக்க மாட்டேம்மா” என்றாள்.

சொன்னால் வீடு தப்பிக்கும். அவர் போய்விடுவார். சொல்லாவிட்டால் வீடு போகும். அவர் பேசிக்கொண்டிருப்பார். இது என்ன நியாயம் சொல்லுங்கள்! வீடு என்றால் சுவரும் கூரையுமா? அவர் முதுகைச் சாய்த்துச் சாய்த்து எண்ணெய் படிந்த தூண் இருக்கிறது, அவர் ஆணியடிக்கத் தெரியாமல் அடித்துப் பெயர்த்த காரை இருக்கிறது.

அதற்கப்புறம் நாள் தவறாமல் அந்த அலுவலகத்துக்குப் போக ஆரம்பித்தேன். மகிழினி பெட்டியை என் முன்னால் வைத்துவிட்டு அவள் வேலையைப் பார்ப்பாள். நான் பெட்டியோடு பேசுவேன். கோடையில் நீ எப்படி இருப்பாய் என்று கேட்டால் போதும், அது அளக்க ஆரம்பித்துவிடும். வெள்ளரிக்காய் விற்பவர்கள் எந்தப் பக்கம் உட்காருவார்கள், நாணலில் காற்று புகுந்தால் எப்படி இருக்கும், சித்திரைத் திருவிழாவுக்குத் தண்ணீர் திறந்துவிட்டால் சூடான மணல் எப்படி முதல் தண்ணீரை உறிஞ்சிக் குடிக்கும் என்று எல்லாம் சொல்லும். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். சொன்னதில் பாதி பொய் என்று தெரியும். அந்தப் பாதிக்காகத்தான் நான் போனதே.

ஒருநாள் மனசைத் திடப்படுத்திக்கொண்டு கேட்டேன். “நாகஜோதியத் தெரியுமா?”

“தெரியலயேம்மா. எந்தத் தெரு?”

எனக்குச் சுரீரென்றது. வெள்ளரிக்காய் விற்றவளைத் தெரிகிறது, என்னைத் தெரியவில்லை. மகிழினி ஓடிவந்தாள். பதிவில் சொந்த விஷயம் ஏதாவது வந்தால் வெட்டிவிட வேண்டும் என்பது விதியாம். அப்படி வெட்டியதை வைத்திருக்கவும் கூடாதாம்.

“அப்ப, அவரு என்னையப் பத்திப் பேசியிருப்பாரா?”

“தெரியலம்மா. பேசியிருந்தா போயிருக்கும்.”

டீக்கடையில் பெண்டாட்டியைப் பற்றிப் பேசுகிற வழக்கம் எங்கள் பக்கத்து ஆம்பளைகளுக்குக் கிடையாது. அது மரியாதைக் குறைவு என்பார்கள். பேசியிருக்க மாட்டார் என்று எனக்கே நன்றாகத் தெரியும். ஆனாலும் பஸ்ஸில் வரும்போதெல்லாம், ஒருவேளை பேசியிருந்தால், பேசியிருந்தால் என்று மனசு அடித்துக்கொண்டது.

கடைசிக் கூட்டம் வந்தது. அன்றைக்கு ஓட்டு. நிற்கக்கூட இடமில்லை. நான் இன்னும் முடிவு செய்யவில்லை, வாயை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ருக்குமணி அக்கா எழுந்தது. எங்கள் தெருவில் வீட்டை விடவே மாட்டேன் என்று என்னைவிட அதிகமாகக் கத்தியது அதுதான். ஒண்டிக்கட்டை, போக்கிடம் இல்லை.

“ஏம்ப்பா, ஒனக்கு எங்க வீடுதான் கெடச்சுச்சா?” என்று பெட்டியைப் பார்த்துக் கேட்டது.

“தப்பா எடுத்துக்காதக்கா. கேக்க எனக்கே சங்கட்டமாத்தான் இருக்கு. வேற போக எடமிருந்தா கேப்பேனா?”

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது. “சரிப்பா. நீ கேட்டு நான் இல்லைன்னு சொல்லுவேனா? எடுத்துக்க” என்று உட்கார்ந்துவிட்டது.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சுற்றிப் பார்த்தேன். கிழடு கட்டைகள் எல்லாம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒவ்வொருத்தர் முகத்திலும் ஒரு சிரிப்பு. இவர்கள் யாரும் ஆற்றுக்கு வீட்டைக் கொடுக்கவில்லை! செத்துப்போன ஒரு மனுஷனின் பேச்சுக்கு மயங்கிக் கொடுக்கிறார்கள். அது தப்பு. அவரை வைத்து ஒருத்தியின் வீட்டை வாங்கக் கூடாது, அது யாருக்கு நல்லதாக இருந்தாலும் சரி.

பெட்டி அடுத்ததைப் பேச ஆரம்பித்திருந்தது. “நான் என்ன சொல்ல வர்றேன்னா...”

“நிறுத்துங்க!” என்றேன். “ஆட்சேபம். இது ஆறு பேசல. எம் புருசன் சோணைமுத்து பேசுறாரு. டீக்கடையில புடிச்ச பேச்சு.”

எல்லாரும் அதிர்ந்துபோனார்கள் என்றுதான் நினைத்தேன். பால்பாண்டி மெதுவாக எழுந்தான்.

“மதினி, எங்களுக்குத் தெரியாதா? எங்கடையில அண்ணன் பேசாத பேச்சா? மொத நாளே தெரிஞ்சுபோச்சு. அதக் கேக்கத்தான் நாங்க கூட்டத்துக்கே வர்றோம். ஒங்களுக்குத்தான் தெரியாதாக்கும், தெரிஞ்சா மனசு நோகுமேன்னு சொல்லாம இருந்தோம்.”

ருக்குமணி அக்கா என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அழுதேன். ஊருக்கு முன்னால் அழுவது எனக்குப் பழக்கமில்லை. ஆனால் அழுதேன். அழுதுகொண்டே சொன்னேன். “அவரு மேல வச்ச பாசத்துல வீட்டக் குடுக்காதீங்க. அவரு மொதலையப் பாத்த ஆளு. ஆறு வேணும்னா ஆத்துக்காகக் குடுங்க. வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க.”

மகிழினி என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அவள் பெட்டியின் பின்னால் எதையோ அழுத்தினாள். அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் ஒரு தடவை, இங்கே ஒரு தடவை, ஒரே மனுஷனை நான் இரண்டு தடவை பறிகொடுத்தேன்.

அப்புறம் அந்தப் பெண் மைக்கைப் பிடித்து, கருவி சொன்னதை மட்டும் சொன்னாள். சுவரை உயர்த்தினால் எங்கள் தெரு தப்பிக்கும், அடுத்த பெருவெள்ளம் கீழே இருக்கிற ஊர்களுக்குள் போகும். தேங்கிய தண்ணீர் நாறும். அகலப்படுத்தினால் வெள்ளம் படுத்துக்கொள்ளும், மணல் சேரும், கிணறுகள் ஊறும், ஜனங்கள் மறுபடியும் இறங்கி நடக்கலாம். எங்களுக்கு வேறு இடத்தில் வீடு தருவார்கள், மாடிக்குடியிருப்பு. சிரிக்க வைக்கிற பேச்சு ஒன்றும் இல்லை. பாவம், அந்தப் பெண்ணுக்கு வியர்த்துக் கொட்டியது.

“மணல் திட்டத்துக்குச் சம்மதம்ங்கிறவங்க கை தூக்குங்க” என்றாள்.

யாரும் தூக்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வம்பு வழக்கு என்றால் நாகஜோதிதானே!

அந்தத் தூணை நினைத்தேன். ஜன்னலை நினைத்தேன், திறந்தால் தெரிவது இப்போது வெறும் சுவர். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் நடந்த அந்தப் பெண்ணை நினைத்தேன். இந்த ஊரில் இன்றைக்கு இருக்கிற பிள்ளைகளில் ஒன்றாவது ஆற்றில் கால் வைத்திருக்குமா?

கையைத் தூக்கினேன்.

“என்ன மதினி, நீங்களே ஆட்சேபம்னுட்டு?” என்று பால்பாண்டி வாய்பிளந்தான்.

“முப்பது வருசம் அந்த மனுசன் கரடியாக் கத்துனாரு, நான் கேக்கல. இப்ப அவரு வாய மூடியாச்சு. இது நானா குடுக்குறது” என்றேன்.

பக்கத்தில் ருக்குமணி அக்காவின் கை உயர்ந்தது. அப்புறம் ஒன்றொன்றாக. எல்லாரும் தூக்கவில்லை. தூக்கின கைகள் போதுமானவையாக இருந்தன.

தெருவை இடித்த அன்றைக்கு நான் போகவில்லை. அக்காவுக்கும் எனக்கும் ஒரே மாடியில் எதிரெதிர் வீடு. காற்று வருகிறது, தண்ணீர் வருகிறது, குறையொன்றும் சொல்வதற்கில்லை. சொல்கிறேன், அது வேறு. இரண்டு மழைக்காலம் போனபிறகு பஸ் பாலத்தைக் கடக்கும்போது எட்டிப் பார்த்தேன். சிமெண்ட் இருந்த இடத்தில் மணல் மேடு மேடாக ஒதுங்கியிருந்தது. யாரோ ஒரு பெண் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குறுக்கே நடந்து போனாள்.

போன வாரம் மகிழினி வீட்டுக்கு வந்தாள். ஆற்றுக்குப் புதுக்குரல் செய்கிறார்களாம். இந்தத் தடவை டீக்கடை வேண்டாம் என்று வீடு வீடாகப் போய், ஆள் ஆளாக உட்கார வைத்துக் கேட்கிறார்கள். காப்பி போட்டுக் கொடுத்தேன். மைக்கை என் முன்னால் வைத்து, “ஆத்தப் பத்தி என்ன தோணுதோ பேசுங்கம்மா” என்றாள்.

பேசினேன். கிரிக்கெட் கோஷ்டி, ஊற்றுக்குள் விழுந்தது, புளியோதரை, அந்த மனுஷன் நின்ற நிற்பு, அவர் வாய், மணலில் எனக்கு முன்னால் நடந்துபோன அவருடைய கால்தடம், வெள்ளத்தில் கட்டில்மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்த அழகு என்று நிறுத்தாமல் பேசினேன். காப்பி ஆறிப்போனது. அவள் நெளிந்தாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு என் கையைத் தொட்டாள்.

“அம்மா, தப்பா நெனைக்காதீங்க. சொந்த விஷயத்த நாங்க வெட்டிரணும். ஆத்தப் பத்தி மட்டும் பேசுங்களேன்.”

“ஆத்தப் பத்தித்தானடி இம்புட்டு நேரமா பேசிக்கிட்டிருக்கேன்” என்றேன்.